வளியின் வழி கண்ட வாக்கர்

காற்றைக் கண்ணால் கண்டவர் எவருமிலர். ஆயினும் அதற்கு வரவு செலவுக் கணக்கு எழுதிப் பார்த்தவர் ஒருவர் உண்டு. அவர் பெயர் சர் கில்பர்ட் தாமசு வாக்கர். 1904 முதல் 1924 வரை இருபது ஆண்டுகள் இந்திய வானிலை ஆய்வகங்களின் தலைமை இயக்குநராகச் சிம்லாவில் பணியாற்றிய ஆங்கிலேயர். கணித மேதை இராமானுசனின் வரலாற்றைப் படித்தோர் ஓரிடத்தில் இவர் பெயரைக் கடந்து வந்திருப்பர். எல் நினோ என்ற சொல்லை நாளேடுகளில் படிப்போரோ, அதன் பின்னால் இவருடைய உழைப்பு இருப்பதைப் பெரும்பாலும் அறிந்திரார். இயற்பியல் பயிலும் எனக்கு இவர்மீது ஈடுபாடு உண்டானதற்கு எங்கள் மொரப்பூரும் ஒரு காரணம். அதை முதலில் சொல்லிவிட்டு வாழ்க்கைக் கதைக்கு வருகிறேன்.

மொரப்பூர் நிலையத்தில் இரயிலை விட்டு இறங்கித் தருமபுரிக்கோ அரூருக்கோ பேருந்து பிடிப்போர் பலர். ஊரை நின்று பார்ப்போர் சிலரே. அந்த ஊரிலிருந்து தருமபுரிக்கு 1906ஆம் ஆண்டில் ஒரு குறுகிய இருப்புப் பாதை திறக்கப்பட்டது. தண்டவாளங்களுக்கு இடையே அகலம் இரண்டரை அடிதான். பின்னர் அது ஓசூர் வரை நீண்டது. 1941இல் அதை மூடிவிட்டார்கள். உலகப் போர்க் காலத்தில் தண்டவாளங்களும் பெயர்க்கப்பட்டுப் போயின. ஊர்ப் பெரியவர்கள் தம் பெற்றோரிடம் கேட்ட கதையாக அந்தச் சின்ன இரயிலைப் பற்றி இன்றும் சொல்வதுண்டு. மொரப்பூர் - தருமபுரி அகலப் பாதைக்கு 2019இல் அடிக்கல் நாட்டப்பட்டபோது அந்தக் கதைகள் மீண்டும் உயிர்பெற்றன.

அந்தப் பாதையை ஏன் போட்டார்கள்? வணிகத்துக்காக மட்டும் அன்று. அது பஞ்சக் காப்புப் பாதை. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை உலுக்கிய பெரும் பஞ்சத்தில் மிகக் கொடுமையாக அடிபட்ட மாவட்டங்களுள் சேலமும் ஒன்று. தருமபுரி அப்போது சேலத்தோடு இருந்தது. 1965இல்தான் தனி மாவட்டமானது. மழை பொய்த்தால் வெளியிலிருந்து தானியம் கொண்டுவர வழி வேண்டும் என்று இருப்புப் பாதைகள் போட்டார்கள். மழை பொய்க்குமா என்பதை முன்னரே அறிய வழியுண்டா என்று வானிலைத் துறையைக் கேட்டார்கள். முதல் கேள்வியின் விடை மொரப்பூருக்கு வந்தது. இரண்டாவது கேள்வி சிம்லாவில் வாக்கரின் மேசைக்குப் போய்ச் சேர்ந்தது. பஞ்சம் பெற்ற இரு பிள்ளைகள் என்றே இவ்விரண்டையும் நான் எண்ணிக்கொள்கிறேன்.

வாக்கர் 1868ஆம் ஆண்டு சூன் திங்கள் 14ஆம் நாள் இங்கிலாந்தில் ராச்டேல் என்னும் ஊரில் பிறந்தார். தந்தை பொறியாளர். இலண்டனில் புனித பவுல் பள்ளியில் படித்தபோதே சுழலும் பொருள்கள்மீது அவருக்குத் தீராத மோகம். நாம் பம்பரத்துக்குச் சாட்டை சுற்றித் தெருவில் விட்டதோடு நின்றுவிட்டோம். அது ஏன் சாயாமல் நிற்கிறது, ஏன் தலையாட்டுகிறது என்பதற்குச் சமன்பாடு தேடியவர் அவர். பின்னர்க் கேம்பிரிட்சு டிரினிட்டி கல்லூரியில் சேர்ந்து, 1889இல் கணிதத் தேர்வில் முதல் மாணவராகத் தேறினார். அந்த இடத்துக்கு அங்கே சீனியர் ராங்ளர் என்று பெயர். இரண்டாண்டு கழித்து அக்கல்லூரியிலேயே ஃபெல்லோ எனப்படும் ஆய்வுறுப்பினர் ஆனார்.

அளவுக்கு மீறிய உழைப்பால் உடல் நலிந்தது. சுவிட்சர்லாந்தில் சில குளிர்காலங்களைக் கழித்து உடலைத் தேற்றிக்கொண்டார். பனிமேல் சறுக்கும் விளையாட்டையும் கற்றுக்கொண்டு திரும்பினார். கேம்பிரிட்சில் ஆற்றோரப் புல்வெளியில் அவர் ஓயாமல் பூமராங் எறிந்து பழகியதால் பூமராங் வாக்கர் என்ற பட்டப் பெயரே நிலைத்துவிட்டது. பூமராங் என்பது ஆத்திரேலியப் பழங்குடியினரின் வளைதடி; நம் சிவகங்கைச் சீமையில் வீரர்கள் கையாண்ட வளரிக்கு உறவு என்று சொல்லலாம். எறிந்த தடி காற்றில் வட்டமிட்டு எறிந்தவனிடமே திரும்புவது ஏன் என்று 1897இல் ஓர் ஆய்வுரை எழுதினார். காற்றோடு அவருக்கிருந்த முதல் உறவு இதுவே. வானிலையைப் பற்றி அவர் அதுவரை ஒரு வரியும் படித்தவரல்லர் என்பதை நினைவிற் கொள்ளவேண்டும்.

அப்படிப்பட்டவரைத் தேடிப்பிடித்து இந்திய வானிலைத் துறைக்கு ஏன் கொண்டுவந்தார்கள்? அத்துறை 1875இல் தொடங்கியது. முதல் தலைவர் என்றி பிளான்ஃபோர்டு, இமயத்தில் பனி மிகுந்த ஆண்டுகளில் பருவமழை குன்றுவதைக் கண்டார்; அதைக் கொண்டு 1886 முதல் ஆண்டுதோறும் மழை முன்னறிவிப்பு வெளியாயிற்று. அடுத்து வந்த சான் எலியட் 1899இல் நல்ல மழை பெய்யும் என்று அறிவித்தார். அவ்வாண்டு மழை அடியோடு பொய்த்தது. மேற்கிலும் நடுவிலும் உள்ள மாநிலங்களில் பஞ்சம் தலைவிரித்தாடியது. அனுபவத்தையும் ஊகத்தையும் நம்பிய முறை போதாது, கணக்கறிந்த ஒருவர் வேண்டும் என்று எலியட்டே முடிவு செய்தார். 1903இல் இந்தியா வந்த வாக்கர், 1904இல் பொறுப்பேற்றார்.

இவ்விடத்தில் காற்று என்பது என்ன என்று சற்றுப் பேசியாகவேண்டும். அதையறியாமல் வாக்கரின் பணியை அளக்க இயலாது. எங்கள் நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இதை விளக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. ஏழாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, காற்று எந்த ஊரிலிருந்து புறப்படுகிறது என்று கேட்டாள். கேள்வி குழந்தைத்தனமாகத் தோன்றலாம்; வாக்கரின் இருபதாண்டு உழைப்பும் அந்தக் கேள்விக்கு விடை தேடியதுதான்.

தரை ஞாயிற்றின் வெம்மையில் விரைந்து சூடேறும். கடல் மெல்லவே சூடேறும். சூடேறிய தரையின் மேலுள்ள காற்று விரிந்து, அடர்த்தி குறைந்து, மேலே எழும். அங்கே தரைமட்டத்தில் அழுத்தம் குறைகிறது. அழுத்தம் மிகுந்த இடத்திலிருந்து குறைந்த இடத்துக்குக் காற்று நகர்கிறது. வரப்பை வெட்டியதும் மேட்டு வயல் நீர் பள்ள வயலுக்குப் பாய்வதைப் போன்றதுதான். ஆனால் நீரைப்போல நேராகப் பாய்வதில்லை. பூமி சுழல்வதால், வட அரைக்கோளத்தில் செல்லும் காற்று தன் வலப்புறமாகவும், தென் அரைக்கோளத்தில் இடப்புறமாகவும் ஒதுங்கும். தரையை ஒட்டிச் செல்லும் காற்றுக்கு இன்னொரு தடையும் உண்டு. மரமும் வீடும் குன்றும் உராய்ந்து அதன் வேகத்தைக் குறைக்கும். வேகம் குறையவே ஒதுங்குவதும் குறைந்து, தாழ்வழுத்தத்தை நோக்கிச் சற்றே சாய்ந்து செல்லும். இரவில் தரை குளிர்ந்தால் அதை ஒட்டிய காற்று கனத்துப் படிந்துவிடும்; உயரே வீசும் வேகக் காற்று கீழே இறங்காது. ஆடி மாதத்திலும் மொரப்பூரில் விடியற்காலை அமைதியாக இருப்பதும், வெயில் ஏற ஏறப் புழுதி கிளம்புவதும் இதனால்தான்.

தென்றல், வாடை, கொண்டல், கோடை என நான்கு திசைக் காற்றுக்கும் தனித்தனிப் பெயரிட்ட இனம் நம் இனம். திசையைச் சொன்னோம், புறப்படும் ஊரைச் சொன்னோமா? ஆடியில் நம்மீது வீசும் மேல்காற்றின் பிறப்பிடம், நில நடுக்கோட்டுக்குத் தெற்கே, மொரீசியசுத் தீவை அடுத்த உயர் அழுத்தப் பகுதி. நம் தமிழர் கரும்புத் தோட்டங்களில் உழைத்த அதே மொரீசியசுதான். அங்கே தென்கிழக்குக் காற்றாகப் புறப்பட்டு, நடுக்கோட்டைக் கடந்ததும் வலப்புறம் திரும்பித் தென்மேற்குப் பருவக்காற்றாகிறது. மேற்கு மலைத்தொடரில் மோதி மழையைக் கொட்டிவிட்டு, மைசூர் மேட்டுநிலத்தைக் கடந்து நம்மிடம் வரும்போது பெரும்பாலும் காற்று மட்டுமே மிஞ்சுகிறது. இந்த விடையைக் கேட்ட அந்தச் சிறுமி நம்பவில்லை. வரைபடத்தைக் காட்டிய பிறகே ஒருவாறு ஒப்புக்கொண்டாள்.

வாக்கர் செய்தது இதுதான். காற்று அழுத்த வேறுபாட்டால் வருவது. அப்படியானால் இந்தியாவின் மழையைத் தரும் காற்றை அறிய இந்தியாவின் அழுத்தத்தை மட்டும் அளந்தால் போதாது, உலகமெங்கும் அளக்கவேண்டும். பல நாட்டு நிலையங்களிலிருந்து பல்லாண்டுப் பதிவுகளை வரவழைத்தார். ஓரிடத்து அழுத்தமும் வேறோரிடத்து மழையும் ஒன்றையொன்று எவ்வளவு தொடர்கின்றன என்பதை ஒட்டுறவுக் கெழு என்னும் எண்ணால் அளந்தார். கணிப்பொறி இல்லாத காலம். சிம்லா அலுவலகத்தில் இந்திய எழுத்தர்கள் ஆண்டுக்கணக்கில் தாளும் பேனாவுமாக உட்கார்ந்து பெருக்கியும் கூட்டியும் வகுத்தும் தள்ளினார்கள். அந்த எழுத்தர்களின் உழைப்பைப் பற்றி நூல்களில் இரண்டு வரிக்கு மேல் காணோம். எனக்கு அது குறையாகவே படுகிறது.

கிடைத்த முடிவுகள் விந்தையானவை. மே மாத இறுதியில் இமயத்தில் கிடக்கும் பனி, மொரீசியசின் அழுத்தம், ஆப்பிரிக்கக் கரையில் சான்சிபார்த் தீவின் மழை, உலகின் மறுகோடியில் தென் அமெரிக்காவின் அழுத்தம் ஆகிய நான்கையும் சேர்த்துப் பருவமழைக்கு ஒரு சூத்திரம் அமைத்தார். தென் அமெரிக்காவில் பாரமானி ஏறினால் இங்கே வயல் நனையும் என்று சொன்னால் அக்காலத்தில் எவர் நம்பியிருப்பர்? காரணம் என்னவென்று வாக்கருக்கும் தெரியாது. காரணம் தெரியாவிட்டாலும் எண்கள் பொய் சொல்லவில்லை என்பது அவர் நிலை.

ஆனால் எண்களும் பொய் சொல்லக்கூடும் என்பதை மற்றவர்களைவிட நன்றாக அறிந்தவரும் அவரே. கோயில் திருவிழாவில் நூறு பேர் கண்ணை மூடிக்கொண்டு அம்பெய்தால் ஒருவர் அம்பாவது குறியில் தைக்கும். அவரை வில்லாளி என்று கொண்டாட முடியுமா? அதுபோல நூறு ஒட்டுறவுகளைக் கணக்கிட்டு அவற்றில் பெரியதை மட்டும் எடுத்துக் காட்டினால், அது தற்செயலாக வந்ததாகவே இருக்கக்கூடும். இதை 1914இல் கணித முறையில் நிறுவி, எந்த அளவுக்கு மேற்பட்ட எண்ணை நம்பலாம் என்று ஓர் அளவுகோலும் தந்தார். புள்ளியியல் மாணவர்கள் படிக்கும் யூல்-வாக்கர் சமன்பாடுகளில் உள்ள வாக்கரும் இவரே.

அக்காலத்தில் மழை குறைந்ததற்குக் காடழிப்பையும் பாசனக் கால்வாய்களையும் காரணமாகச் சொன்னவர்கள் உண்டு. வாக்கர் பழைய பதிவுகளையெல்லாம் ஆராய்ந்து, இந்தியாவின் தட்பவெப்பம் நிலையாக மாறிவிட்டதற்குச் சான்றில்லை என்று 1910இல் எழுதினார். அவர் எழுதியது அன்றைய நிலைக்கு. இன்று உலகம் வெப்பமாகி வருவது வேறு பதிவுகளால் ஐயமற உறுதிப்பட்ட செய்தி. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளலாகாது.

இனி 1913க்கு வருவோம். கல்லூரி மாணவராகிய நம்மை நேரே தொடும் பகுதி இது. கும்பகோணம் அரசுக் கல்லூரியில், நம்முடையதைப் போன்ற ஓர் அரசுக் கல்லூரியில், கணக்கைத் தவிர வேறெதிலும் நாட்டமின்றி உதவித்தொகையை இழந்தவர் இராமானுசன். பச்சையப்பன் கல்லூரியிலும் தேர்வில் தவறினார். பட்டம் இல்லை. சென்னைத் துறைமுகக் கழகத்தில் திங்களுக்கு 30 ரூபாய் சம்பளத்தில் எழுத்தராக இருந்தார். 1913 பிப்ரவரி இறுதியில் வாக்கர் அலுவல் நிமித்தம் சென்னைக்கு வந்தார். துறைமுகக் கழகத் தலைவர் சர் பிரான்சிசு சுப்பிரிங், இராமானுசனின் குறிப்பேடுகளை அவரிடம் காட்டினார். சிறிது நேரம் புரட்டிப் பார்த்த வாக்கர், இது தம் துறையன்று என்று ஒதுங்கிவிடவில்லை. பிப்ரவரி 26ஆம் நாள் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு மடல் எழுதினார். இந்த இளைஞரின் கணித ஆற்றல் கேம்பிரிட்சுக் கல்லூரி ஃபெல்லோ ஒருவரின் ஆற்றலுக்கு இணையானது. சில ஆண்டுகள் வயிற்றுப்பாட்டுக் கவலையின்றிக் கணிதத்திலேயே ஈடுபடப் பல்கலைக்கழகம் வழிசெய்ய வேண்டும் என்பது அதன் கருத்து. தாமே டிரினிட்டியில் அத்தகைய ஃபெல்லோவாக இருந்தவர் எழுதியது அது.

முதுநிலைப் பட்டம் பெற்றவர்க்கே ஆய்வு உதவித்தொகை என்பது அன்றைய விதி. பட்டமே இல்லாத ஓர் எழுத்தருக்காகப் பல்கலைக்கழகம் விதியைத் தளர்த்தியது. 1913 மே மாதம் முதல் திங்களுக்கு 75 ரூபாய், இரண்டாண்டுகளுக்கு. ஆர்டிக்கு இராமானுசன் எழுதிய மடலையும் ஆர்டியின் அக்கறையையும் நாம் அனைவரும் அறிவோம், அவை பெரியவைதாம். ஆயினும் கப்பலேறும் முன்னரே அவருக்குச் சோற்றுக் கவலையைத் தீர்த்ததில், காற்றைக் கணக்கிட வந்த இம்மனிதருக்குப் பெரும்பங்கு உண்டு. ஐந்தாண்டு கழித்து, 1918இல், இராமானுசன் அதே டிரினிட்டியின் ஃபெல்லோ ஆனார்.

சிம்லா வாழ்க்கையில் வாக்கர் தம் பழைய விளையாட்டுக்களை விட்டுவிடவில்லை. கழுகும் பருந்தும் சிறகசைக்காமல் வட்டமிட்டு மேலே மேலே எழுவதைப் பார்த்து, சூடேறிய தரையிலிருந்து கிளம்பும் காற்றோட்டத்தை ஆராய்ந்தார். தீர்த்தமலைப் பக்கம் நண்பகலில் பருந்து வட்டமிடுவதைக் கண்டவர்க்கு அந்தக் காற்றோட்டம் புதிதன்று. புல்லாங்குழல் வாசிப்பதிலும் தேர்ந்தவர். அதன் அமைப்பைச் சீர்திருத்துவதிலும் ஈடுபட்டார். காற்று இவரை எந்த வடிவிலும் விட்டபாடில்லை!

இருபதாண்டு முடிவில் அவர் பெற்ற வெற்றி என்ன? வெளிப்படையாகச் சொன்னால், வந்த வேலையில் முழு வெற்றி இல்லை. சூத்திரம் சில ஆண்டுகளில் பலித்தது. சில ஆண்டுகளில் வழுக்கியது. 1918இல் பருவமழை படுமோசமாகப் பொய்த்து, அதே ஆண்டின் இன்புளுவென்சாக் கொள்ளை நோயோடு சேர்ந்து நாட்டை வாட்டியது. நாடு முழுமைக்கும் ஒரே அறிவிப்பு பயன்படாது என்று கண்டு, தீபகற்பம், வடமேற்கு எனப் பகுதி பகுதியாகப் பிரித்துக் கணக்கிட்டார். எண்கள் உறுதி தராத ஆண்டுகளில் வாய் திறவாமலிருப்பதே மேல் என்றும் கருதினார். முன்னறிவிப்பு என்ற சொல்லைவிட, வருவதன் நிழல் முன்னே தெரிவது என்று பொருள்படும் சொல்லையே அவர் பின்னாளில் விரும்பிக் கையாண்டார்.

ஆனால் தேடியது ஒன்று, கிடைத்தது மற்றொன்று. அந்தக் கணக்குப் புதருக்குள் ஒரு பெரிய ஊஞ்சல் தெரிந்தது. பசிபிக் பெருங்கடலில் அழுத்தம் ஏறும்போது, ஆப்பிரிக்காவிலிருந்து ஆத்திரேலியா வரை இந்தியப் பெருங்கடல் பக்கம் இறங்குகிறது; அங்கே இறங்கினால் இங்கே ஏறுகிறது. பல ஆண்டுகளுக்கு ஒருமுறை மாறி மாறி ஆடும் இந்த ஊஞ்சலுக்குத் தென் அலைவு என்று 1924ஆம் ஆண்டு ஆய்வுரையில் பெயரிட்டார். வட அத்திலாந்திக்கிலும் வட பசிபிக்கிலும் வேறிரு ஊஞ்சல்களையும் கண்டார். அவ்வாண்டே ஓய்வுபெற்றுச் சர் பட்டத்தோடு தாயகம் திரும்பி, இலண்டன் இம்பீரியல் கல்லூரியில் 1934 வரை வானிலையியல் பேராசிரியராக இருந்தார்.

தென் அலைவுக்குக் காரணம் கூற அவரால் இயலவில்லை. இயற்பியல் விளக்கமின்றி எண்களை மட்டும் கோத்தது பலன் தராது என்று ஐயுற்றோர் பலர். 1958 நவம்பர் 4ஆம் நாள், 90ஆம் வயதில் அவர் மறைந்தபோது எழுதப்பட்ட இரங்கலுரையிலும் அந்த ஐயமே தொனித்தது. அவர் எதிர்பார்த்த உலக வானிலைக் கோட்பாடு உருவாகவில்லை என்பதே அன்றைய கணிப்பு.

பதினோர் ஆண்டு கழிந்தது. 1969இல் யாக்கோபு பியர்க்னசு என்னும் நார்வே வழிவந்த அறிஞர், பசிபிக் கடலின் வெப்பத்தையும் வாக்கரின் அழுத்தக் கணக்குகளையும் ஒருசேர வைத்துப் பார்த்தார். வழக்கமாகக் கிழக்குப் பசிபிக்கில் கடல் குளிர்ந்தும் அழுத்தம் மிகுந்தும் இருக்கும். மேற்கே இந்தோனேசியப் பக்கம் கடல் வெதுவெதுப்பாகவும் அழுத்தம் குறைந்தும் இருக்கும். ஆகவே கடல்மட்டக் காற்று கிழக்கிலிருந்து மேற்காக வீசி, மேற்கே எழுந்து, உயரே திரும்பிச் சென்று, கிழக்கே இறங்குகிறது. கிழக்குப் பசிபிக் சூடேறும் எல் நினோ ஆண்டுகளில் இந்தச் சுற்று தளர்கிறது. மழை தரும் எழுகாற்று இடம் பெயர்கிறது. நம் தென்மேற்குப் பருவமழை பெரும்பாலும் நலிகிறது. பெரும்பாலும் என்றுதான் சொல்லவேண்டும். 1997இல் வலிமை மிக்க எல் நினோ வந்தும் மழை குறையவில்லை. தமிழ்நாட்டுக்கு இன்னொரு விந்தை: அதே எல் நினோ ஆண்டுகளில் நம் வடகிழக்குப் பருவமழை ஓங்கிப் பெய்யும் போக்கு உண்டு. ஆடியில் ஏமாந்த உழவன் ஐப்பசியை நம்பியிருப்பதற்குச் சிறிது கணக்கு ஆதாரமும் இருக்கிறது.

பசிபிக்கின் அந்தக் காற்றுச் சுற்றுக்கு வாக்கர் சுழற்சி என்று பியர்க்னசு பெயர் சூட்டினார். தாகித்தித் தீவிலும் ஆத்திரேலியாவின் டார்வின் நகரிலும் அளக்கப்படும் அழுத்தங்களின் வேறுபாட்டை வானிலையாளர்கள் திங்கள்தோறும் கணக்கிட்டு வெளியிடுகின்றனர். அதற்குத் தென் அலைவு எண் என்றே இன்றும் பெயர்.